எக்ஸ்ரே நன்றாக இருப்பதை வைத்து மைலோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் முதியவர்களின் முதுகுவலி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். நடைப்பயிற்சி, உட்காரும் முறை, உடல் எடை, எலும்புத் தேய்மானம் ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவை, பயனுள்ளவை. ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருப்பதாகத் தெரிந்துவிட்டால் புற்றுநோய் பற்றிய அச்சத்தை விட்டுவிடலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரசு மருத்துவமனைகளின் கதிரியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மல்டிபிள் மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்த வரி தவறானது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடும் நோயாளிக்கு முதுகெலும்பு நொறுங்கவோ சிறுநீரகம் பழுதாகவோ வாய்ப்பு உண்டு என்பதால், இடம் கொஞ்சம் அதிகமானாலும் காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில், நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகுவதே மைலோமா. நம் எலும்பு ஒரு பக்கம் கரைவதும் மறுபக்கம் கட்டப்படுவதுமாக வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மைலோமாச் செல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அதோடு நில்லாமல், எலும்பைக் கட்டும் செல்களை முடக்கியும் விடுகின்றன. இதனால் முள்ளெலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு, தோளையும் தொடையையும் ஒட்டிய நீண்ட எலும்புகள் ஆகியவற்றில், சுற்றிலும் புதிய எலும்பு சிறிதும் வளராத வெறும் குழிகள் தோன்றுகின்றன. நோய் கண்டறியப்படும் வேளையில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்கு இத்தகைய எலும்பரிப்பு ஏற்கெனவே ஏற்பட்டிருக்கிறது. கரைந்த எலும்பிலிருந்து வெளியேறும் கால்சியம் ரத்தத்தில் கூடுகிறது. நோய்ச் செல்கள் சுரக்கும் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. மஜ்ஜையில் இடம் பறிபோவதால் ரத்தசோகை வருகிறது.

இந்தக் குழிகள் எக்ஸ்ரேயில் ஏன் தெரிவதில்லை? ஓரிடத்தில் எலும்பின் தாதுப்பொருள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரே படத்தில் அந்தக் குறை கண்ணுக்குப் புலப்படும். அதிலும் முள்ளெலும்பின் உட்பகுதி மெல்லிய தகடுகளாலான பஞ்சு எலும்பு. மைலோமா முதலில் தின்பது அதைத்தான். கரையான் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் உத்தரம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழு மரமாகவே தெரிவதுபோல, புறச்சுவர் உறுதியாக இருக்கும் வரை அந்த முள்ளெலும்பு எக்ஸ்ரேயில் பழுதற்றதாகவே காட்சியளிக்கும். எக்ஸ்ரே என்பது உடலின் ஆழம் முழுவதையும் ஒரே தளத்தில் பதிக்கும் நிழல் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மார்பெலும்பின் மேல் இதயத்தின் நிழலும், மேல் முதுகின் மேல் தோள்களின் நிழலும், இடுப்பெலும்பின் மேல் குடலிலுள்ள காற்றின் நிழலும் விழுகின்றன. மைலோமா மிகுதியாகத் தாக்கும் இடங்களும் எக்ஸ்ரே மிகக் குறைவாகக் காட்டும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது இந்த நோயாளிகளின் கெடுவாய்ப்பு.

அறுபதை ஒட்டிய வயதில் ஒருவருக்கு முதுகு வலிக்கிறது. மேலை நாடுகளில் எழுபதை நெருங்கும் வயதினருக்கே இந்நோய் மிகுதியாக வருகிறது. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளோ ஏறத்தாழ பத்தாண்டு முன்பே வருவதாகக் காட்டுகின்றன. எனவே நம் ஊரில் ஐம்பதுகளில் உள்ளவரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, அல்லது பெண்ணாக இருந்தால் எலும்பு மெலிவு என்று எழுதப்படுகிறது. வலி மாத்திரையும் வலி ஊசியும் தொடங்குகின்றன. மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் அந்த மாத்திரைகளை அவர் மாதக்கணக்கில் விழுங்குகிறார். மைலோமா ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அந்த வலி மருந்துகள் மேலும் கெடுக்கின்றன. கடைசியில் அவர் மைலோமா நோயாளியாக அல்லாமல், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரக நோயாளியாக, அல்லது இரண்டு கால்களும் இயங்காத நிலையில் நரம்பியல் பிரிவின் நோயாளியாகப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். கதிரியல் துறையில் பணியாற்றிய எவரும் இத்தகைய பலரைப் பார்த்திருப்பார்கள்.

இந்தத் தொடரை நடுவில் அறுப்பதற்கு முதலில் வேண்டியது ஸ்கேன்கூட அன்று. ஓய்விலும் குறையாத, இரவில் கூடும் எலும்பு வலியோடு ரத்தசோகை, மிக உயர்ந்த இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்), சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கூடிய கிரியாட்டினின், கூடிய கால்சியம், மொத்தப் புரதம் கூடி ஆல்புமின் மட்டும் குறைந்திருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மைலோமாவைச் சந்தேகிக்க வேண்டும். எந்த ஊரின் ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடிய பரிசோதனைகள் இவை. அடுத்து, ரத்தத்தில் நோய்ப் புரதம் உள்ளதா என்று பிரித்துக் காட்டும் சீரம் புரத எலக்ட்ரோபோரிசிஸ், தேவையானால் அப்புரதத்தின் துண்டான லைட் செயினின் அளவு, பிறகு மஜ்ஜைப் பரிசோதனை என்று வழி செல்கிறது. எலும்பின் நிலையை முழு உடலிலும் பார்க்க வேண்டிய கட்டம் இங்கேதான் வருகிறது. நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதும் இந்தக் கட்டத்தைப் பற்றியதே.

தலை முதல் தொடை வரை பகுதி பகுதியாக எக்ஸ்ரே எடுக்கும் முறையே பல பத்தாண்டுகள் இதற்கான வழியாக இருந்தது. 1975-இல் டியூரி, சால்மன் ஆகிய இருவர் வகுத்த நோய்நிலைப் பகுப்பு, எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பரிப்பையும் ஓர் அளவுகோலாகக் கொண்டது. அந்நாளில் கையில் இருந்த கருவி அதுதான். மண்டையோட்டுக்கு இரண்டு கோணம், கழுத்துக்கு, மேல் முதுகுக்கு, இடுப்பு முதுகுக்குத் தனித்தனியே இரண்டு கோணம், நெஞ்சு, இடுப்பு, இரண்டு மேற்கை, இரண்டு தொடை என இருபதை நெருங்கும் படங்கள் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் நோயாளியைத் திருப்ப வேண்டும், புரட்ட வேண்டும், சில வேளை தூக்கவும் வேண்டும். இந்நோய் தெளிவாகப் பதிவான முதல் நோயாளிகளுள் ஒருவரான சாரா நியூபெரி என்ற பெண்மணியைப் பற்றி 1844-இல் லண்டனில் சாமுவேல் சாலி என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். கணவர் அவரைப் படுக்கைக்குத் தூக்கிச் சென்றபோதே தொடையெலும்புகள் முறிந்துவிட்டன என்கிறது அந்தக் குறிப்பு. அவ்வளவு நலிந்த எலும்புகள் உள்ளவரைக் கடினமான எக்ஸ்ரே மேசையில் இருபது முறை அசைக்கிறோம் என்பதை, படத்தை மட்டும் பார்த்து அறிக்கை எழுதும் என் போன்றோரைவிடப் படம் எடுக்கும் தொழில்நுட்பர்கள் நன்கு அறிவார்கள்.

இத்தனை துன்பத்துக்குப் பிறகும் விடை முழுமையாகக் கிடைப்பதில்லை. சர்வதேச மைலோமா ஆய்வுக் குழுவின் சார்பில் 212 நோயாளிகளின் எக்ஸ்ரே தொகுப்பையும் முழு உடல் சி.டி. படங்களையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 54 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, எக்ஸ்ரேயில் எலும்பரிப்பு ஏதும் தெரியாமல் சி.டி.யில் தெரிந்தது. நான்கில் ஒருவர் என்பது சிறிய பிழை அன்று. அந்த 54 பேருள் எத்தனை பேருக்கு ‘எலும்பு பாதிக்கப்படவில்லை, காத்திருந்து பார்க்கலாம்’ என்று சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், எக்ஸ்ரேயை மட்டும் நம்பி எடுக்கும் முடிவின் கனம் விளங்கும். 2014-இல் திருத்தப்பட்ட நோயறியும் அளவுகோல்களும், எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும் சி.டி.யிலோ, நோய்ச் செல்களின் சர்க்கரைப் பயன்பாட்டையும் சேர்த்துக் காட்டும் பெட்-சி.டி.யிலோ 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஓர் எலும்பரிப்பு தெரிந்தாலே அதை எலும்புப் பாதிப்பாகக் கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டன. சர்வதேச மைலோமா ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்ட பரிந்துரைகள், எலும்பைப் படம் எடுக்கும் முதல் சோதனையாகக் குறைந்த கதிரளவு முழு உடல் சி.டி.யையே முன்வைக்கின்றன.

இந்தச் சோதனையைப் பற்றி மக்களிடமும், வருத்தத்தோடு சொல்வதானால் மருத்துவர்கள் சிலரிடமும், தவறான எண்ணங்கள் உள்ளன. இதற்கு ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற வேண்டியதில்லை. இது மிகவும் முக்கியம், ஏனெனில் வழக்கமான சி.டி.யில் ஏற்றப்படும் அயோடின் கலந்த மருந்து, பழுதடைந்த சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அஞ்சியே பல மைலோமா நோயாளிகளுக்கு சி.டி. தவிர்க்கப்படுகிறது. நோயாளி ஒரே ஒரு முறை மேசையில் மல்லாந்து படுத்தால் போதும்; உச்சந்தலை முதல் முழங்கால் வரை ஓரிரு நிமிடங்களில் படம் எடுத்து முடித்துவிடலாம். புதிய இயந்திரமும் வேண்டாம். 16 அடுக்கோ அதற்கு மேலோ உள்ள எந்த சி.டி. கருவியிலும், மின்னோட்ட அளவைக் குறைத்து அமைத்து இதைச் செய்ய இயலும். எலும்புக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் உள்ள வேறுபாடு இயல்பாகவே பெரிது என்பதால், படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் எலும்பரிப்பு தெளிவாகத் தெரிந்துவிடும்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முழு உடல் எக்ஸ்ரே தொகுப்பில் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிரளவும், குறைந்த கதிரளவு முழு உடல் சி.டி.யில் பொதுவாக 3 முதல் 6 மில்லிசீவர்ட் வரையும் உடலில் படுகின்றன. நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் எடுக்கும் வழக்கமான சி.டி.யில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது சாதாரணம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவர் மீது படும் கதிர்வீச்சின் உலகச் சராசரியே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் போன்ற, இயற்கையாகக் கதிர்வீச்சை உமிழும் மோனசைட் மணற்பகுதிகளில் வாழ்வோருக்கு அது இதைவிடக் கூடுதல். கால்கள் செயலிழக்கும் ஆபத்தில் உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டு மூன்று மில்லிசீவர்ட் கூடிவிடும் என்று தயங்குவது, என் கருத்தில், தவறான இடத்தில் காட்டும் எச்சரிக்கை.

செய்முறையில் கவனிக்க வேண்டிய இரண்டொன்றை, பணியில் உள்ள இளைய நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு சி.டி. எடுக்கும் பழக்கத்தில் நோயாளியின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னால், தோளில் எலும்பரிப்பு உள்ளவருக்கு அது கடும் வலியைத் தரும். மேற்கை எலும்பு படத்தின் எல்லைக்குள் வராமல் போகவும் கூடும். உடலின் முன்புறத்தில், வயிற்றின் மீது தலையணை வைத்துக் கைகளைச் சாய்த்துக்கொள்ளச் சொல்வதே நல்லது. இடுப்போடு படத்தை நிறுத்திவிடவும் கூடாது. வயது வந்தவர்களின் தொடையெலும்புக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு, அது சி.டி.யில் கருமையாகத் தெரியும். அந்தக் கருமைக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால், எலும்பின் சுவர் இன்னும் அரிக்கப்படாத நிலையிலேயே நோய் மஜ்ஜையில் பரவியிருப்பதைக் கண்டுகொள்ளலாம். அறிக்கையில் ‘ஆங்காங்கே எலும்பரிப்பு உள்ளது’ என்று எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் சுவர் பாதிக்கு மேல் கரைந்திருக்கிறதா, முள்ளெலும்பு சரிந்து தண்டுவடத்தின் பக்கம் தள்ளியிருக்கிறதா என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அப்படி இருந்தால் அறிக்கை தட்டச்சாகி வரும் வரை காத்திராமல் சிகிச்சை தரும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு குறிப்பு. எலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க ‘போன் ஸ்கேன்’ எடுப்பது பரவலான வழக்கம். மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அது நன்கு பயன்படும். அதில் செலுத்தப்படும் டெக்னீசியம் கலந்த மருந்து, எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில்தான் சேரும். மைலோமாவில் கட்டும் செல்களே முடங்கிக் கிடப்பதால், எலும்பு நிறைய ஓட்டை இருந்தாலும் போன் ஸ்கேன் இயல்பாகவே தோன்றலாம். ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, போன் ஸ்கேனும் நன்றாக இருக்கிறது என்று இரண்டு அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் நோயாளிக்கு, மைலோமாவைப் பொறுத்தவரை அவை இரண்டும் சேர்ந்தும் ஓர் உறுதியைத் தரவில்லை.

சி.டி.க்கும் எல்லை உண்டு. அது எலும்பைக் காட்டும். எலும்பு கரையத் தொடங்குவதற்கு முன் மஜ்ஜையில் என்ன நடக்கிறது என்பதைக் குறைவாகவே காட்டும். மஜ்ஜையை நேரே காட்டுவது எம்.ஆர்.ஐ. தான். அதில் கதிர்வீச்சு இல்லை. நீர் மூலக்கூறுகளின் அசைவைக் கொண்டு படம் எடுக்கும் டிஃப்யூஷன் முறை வந்த பிறகு, முழு உடலையும் மருந்து ஏற்றாமலே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க முடிகிறது. பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸ், 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முழு உடல் எம்.ஆர்.ஐ.யையே முதலில் கருதச் சொல்கிறது. அது பொருந்தாவிட்டால் அல்லது நோயாளி விரும்பாவிட்டால் குறைந்த கதிரளவு சி.டி., அவை இரண்டும் இயலாதபோது மட்டுமே எக்ஸ்ரே தொகுப்பு என்பது அதன் வரிசை. சர்வதேசக் குழு சி.டி.யை முதலில் வைக்கிறது, நைஸ் எம்.ஆர்.ஐ.யை முதலில் வைக்கிறது. எக்ஸ்ரேயை முதலிடத்திலிருந்து இறக்குவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அறிகுறி எதுவும் இல்லாமல் ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியவரும் தொடக்கநிலை மைலோமாவில்தான் எம்.ஆர்.ஐ. மிகவும் தேவைப்படுகிறது. இத்தகைய 149 பேரை முழு உடல் எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து ஜெர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட நோய்த் திட்டுகள் உள்ளவர்களிடம் நோய் விரைவில் முற்றுவதைக் காட்டியது. 2014-இன் அளவுகோல்களில், 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஒன்றுக்கு மேற்பட்ட திட்டுகள் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால் வேறு பாதிப்பு ஏற்படும் வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற விதி இடம்பெற்றது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில்தான். எனவே சி.டி.யில் ஒன்றும் தெரியாத தொடக்கநிலை நோயாளிக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ., அதற்கு வசதி இல்லாத இடத்தில் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் மட்டுமாவது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சிறுநீர் அடைபடுதல் ஆகியவை தோன்றியவருக்கோ எந்த வரிசையும் பார்க்காமல் அன்றைக்கே முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

பெட்-சி.டி.யைப் பற்றி மக்களிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. விலை அதிகமான சோதனையே எல்லாவற்றையும் காட்டும் என்பது அந்த மயக்கம். நோய்ச் செல்கள் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உட்கொள்கின்றன என்பதைக் காட்டும் இச்சோதனை, எலும்புக்கு வெளியே பரவிய நோயைக் காட்டுவதிலும், ஒரே இடத்தில் கட்டியாக உள்ள பிளாஸ்மசைட்டோமா உண்மையில் ஒன்றுதானா என்று உறுதிசெய்வதிலும், சிகிச்சைக்குப் பிறகு மிச்சமுள்ள நோயை அளவிடுவதிலும் சிறந்தது. ஆனால் மைலோமா நோயாளிகளுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, நோய்ச் செல்களுக்குள் சர்க்கரையைத் தங்க வைக்கும் நொதி குறைவாக இருப்பதால், நோய் இருந்தும் பெட் படத்தில் ஒளிர்வதில்லை. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களில் எடுத்தாலும் படம் ஏமாற்றக்கூடும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் இடையூறு செய்யும். நம் நாட்டில் காசநோயும் குறுக்கிடுகிறது: காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவும் முதுகெலும்பும் புற்றுநோயைப் போலவே பெட் படத்தில் ஒளிரும். முதுகெலும்புக் காசம் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டையும் சேர்த்து அழிக்கும், மைலோமா பெரும்பாலும் வட்டை விட்டுவிடும் என்ற பழைய பாடம் இங்கே இன்றும் உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இதில் செலுத்தப்படும் ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்கப் பொருள் ஏறத்தாழ 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துவிடுகிறது. அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி இருக்கும் நகரத்திலிருந்து தொலைவு கூடக் கூட மருந்தைக் கொண்டுசேர்ப்பதே பெரும் பாடாகிவிடும். பெட்-சி.டி. கிடைக்கும் வரை எதையும் செய்யாமல் காத்திருப்பது, பக்கத்திலேயே சி.டி. இருக்கும் நோயாளிக்கு வீண் தாமதம்.

இதனால்தான் நம் மாநிலத்தின் நிலையை எண்ணும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பொறுப்பில் அரசு மருத்துவமனைகளில் சி.டி. மையங்கள் ஏற்கெனவே இயங்கிவருகின்றன. இதற்குத் தேவைப்படுவது புதிய கட்டடமோ வெளிநாட்டு இயந்திரமோ அன்று. ஒவ்வொரு கருவியிலும் குறைந்த கதிரளவு முழு உடல் முறையை ஒருமுறை அமைத்துப் பதிவு செய்து வைப்பதும், தொழில்நுட்பர்களுக்குச் சிறிது பயிற்சி அளிப்பதும், மைலோமா என்று சந்தேகிக்கப்படுபவரின் சீட்டில் எக்ஸ்ரே தொகுப்புக்குப் பதிலாக இந்தச் சோதனையை எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புவதும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மைலோமா சிகிச்சைக்கு அனுமதி கோரும்போது எலும்புப் பாதிப்புக்கான சான்றாக இந்த சி.டி. அறிக்கை தயக்கமின்றி ஏற்கப்படுவதையும் நலவாழ்வுத் துறை உறுதிசெய்ய வேண்டும். மைலோமாவுக்குத் தரப்படும் போர்ட்டெசோமிப், லெனலிடோமைட் ஆகிய மருந்துகள் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக முன்பைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் இக்காலத்தில், நோயைத் தாமதமாகக் கண்டறிவதற்கு மருந்தின் விலையைக் காரணம் காட்டவும் இயலாது.

இதைப் படிக்கும் வாசகர் யாரேனும், அப்படியானால் நாமும் ஒரு முழு உடல் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமே என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஐயத்துக்குத் தங்கள் நாளிதழும் ஓரளவு காரணம் என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பண்டிகைச் சலுகை விலையில் தலை முதல் கால் வரை ஸ்கேன் என்று வரும் விளம்பரங்கள் மருத்துவக் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. நான் இங்கே பரிந்துரைப்பது, ரத்தப் பரிசோதனையிலோ மஜ்ஜைப் பரிசோதனையிலோ மைலோமாவின் தடயம் தெரிந்தவருக்கு, குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை காணச் செய்யும் சோதனையை. எந்தத் தொல்லையும் இல்லாதவரின் உடல் முழுவதையும் படம் எடுத்தால், சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, நுரையீரலில் ஒரு பழைய தழும்பு, எலும்பில் பிறவியிலிருந்தே உள்ள ஒரு புள்ளி என ஏதாவது ஒன்று தென்படும். அதைத் துரத்திக்கொண்டு அடுத்தடுத்த ஸ்கேன்களும் ஊசிச் சோதனைகளும் தொடரும். நோயற்றவர்களுக்கு இவ்வாறு எடுப்பதால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை.

சிகிச்சையில் இருக்கும் மைலோமா நோயாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் படம் எடுத்த பின் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ரத்தத்தில் நோய்ப் புரதம் மறைந்து, மஜ்ஜையும் தெளிந்த பிறகு எடுத்த சி.டி.யில் பழைய குழிகள் அப்படியே இருப்பதைக் கண்டு, மருந்து வேலை செய்யவில்லையோ என்று கலங்குவார்கள். நோய்ச் செல்கள் அழிந்த பிறகும் அந்தக் குழிகள் பெரும்பாலும் நிரம்புவதில்லை. சிலருக்கு மட்டும் ஓரங்கள் மெல்ல வெளுத்துக் கெட்டிப்படும். புதிய குழி தோன்றுகிறதா, பழையது பெரிதாகிறதா என்பதே சி.டி.யில் பார்க்க வேண்டியது. குழிக்குள் நோய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்ல வல்லவை பெட்-சி.டி.யும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யும். 134 நோயாளிகளைக் கொண்டு பிரான்சில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் எலும்புப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதில் முதுகெலும்பு, இடுப்பு எம்.ஆர்.ஐ. 95 சதவீதமும் பெட்-சி.டி. 91 சதவீதமும் என ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. ஆனால் சிகிச்சைக்குப் பின் பெட்-சி.டி. இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீள்வது குறைவாகவும் ஆயுள் கூடுதலாகவும் இருந்தன. ஆகவே முதல் ஸ்கேன் எதுவாக இருந்ததோ அதன் குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். தாளில் உள்ள அறிக்கை மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமே எங்களுக்கு வேண்டும்.

கட்டுரையை எழுதியவர் மீது எனக்குக் குறையேதும் இல்லை; பெரும்பாலான முதுகுவலிகளுக்கு அவர் சொன்னது பொருந்தும். ஆயினும் அடுத்த இணைப்பில் அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் முதுகிலோ விலாவிலோ இடுப்பிலோ எலும்பு வலி நீடித்து, அதோடு ரத்தசோகையோ காரணம் புரியாத சோர்வோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மைலோமாவுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். அதில் தடயம் தெரிந்தால் குறைந்த கதிரளவு முழு உடல் சி.டி. எடுக்க வேண்டும்; அதுவரை வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. இவ்வளவு வெளிவந்தால் போதும். இடம் இல்லையென்றால் இக்கடிதத்தின் மற்ற பகுதிகளைச் சுருக்கிக்கொள்ளத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கதிரியல் மருத்துவர்,
தஞ்சாவூர்.